ஓநாயும் ஆட்டுக்கிடையும்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஆனால் உயிருள்ள ஓநாயைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தமிழ்நாட்டில் வெகு சிலரே. சத்தியமங்கலம், மாயாறு போன்ற வறண்ட காட்டுப் பகுதிகளில் எப்போதாவது ஒன்றிரண்டு தென்பட்டதாகப் பதிவு உண்டு. மற்ற இடங்களில் அது பழமொழியோடு நின்றுவிட்டது. ஆகவே ஓநாயைப் பற்றி ஆடு வளர்ப்போர் அறிய வேண்டியது எதுவும் இல்லை என்று தோன்றலாம். அது சரியல்ல. ஓநாய் இன்னும் உலவும் தக்காணப் பீடபூமியில் ஆயர்கள் மந்தையை எப்படிக் காக்கிறார்கள், புல்வெளி எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால், ஓநாயே இல்லாத ஊரில் ஆடு பறிகொடுப்பவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

புல்வெளியின் பிராணி

இந்திய ஓநாய் குளிர்நாட்டு ஓநாயைப் போலப் பெரியதல்ல. 17 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். நம் ஊரின் உயரமான வேட்டை நாயின் பருமன்தான். உடல் மெலிந்து, கால் நீண்டு, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் காய்ந்த புல்லோடு புல்லாகத் தெரியும். உலகில் உள்ள ஓநாய் வழிகளில் இதுவே மிகப் பழமையானவற்றுள் ஒன்று என்று 2021ல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. 2022ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி நாட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 3,100. அதாவது புலிகளின் எண்ணிக்கையை ஒட்டியே ஓநாயின் எண்ணிக்கையும் உள்ளது. புலிக்குக் கிடைத்த கவனம் மட்டும் இதற்குக் கிடைக்கவில்லை.

அடர்ந்த காட்டில் இதற்கு வேலையில்லை. மழை குறைந்த புல்தரை, முட்புதர், ஓடைக்கரை, தரிசு ஆகியவையே இதன் இருப்பிடம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்தாறு வரை கூட்டமாக வாழும். ஒரு கூட்டம் சுற்றிவரும் பரப்பு 200 சதுர கிலோமீட்டர் அளவுக்கும் இருக்கலாம். மழைக்காலம் முடிந்து இணை சேரும். கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். குளிர்காலத்தில் ஓடைக்கரை மண்ணில், பெரும்பாலும் நரியோ முள்ளம்பன்றியோ விட்டுப்போன வளையை அகலப்படுத்திக் குட்டி போடும். வெளிமான், சிங்காரா மான், முயல், வயல் எலி இவை இயற்கையான உணவு. பருவத்தில் இலந்தைப் பழத்தையும் விடுவதில்லை. வெளிமான் அற்றுப்போன இடங்களில் செம்மறியும் வெள்ளாடுமே இதன் பிழைப்பு. அங்கேதான் ஆயனோடு தகராறு வருகிறது.

மந்தையோடு நடக்கும் தன்கர்கள்

மகாராஷ்டிரத்தில் செம்மறி வளர்க்கும் ஆயர்களுக்குத் தன்கர் என்று பெயர். சதாரா, புணே, சோலாப்பூர் மாவட்டங்களின் வறண்ட பகுதி இவர்களது ஊர். தன்கர்களிலேயே ஒரு பிரிவினர் மழை மிகுந்த மலைப்பகுதியில் எருமை வளர்க்கிறார்கள். மற்றொரு பிரிவினர் மழை குறைந்த மேட்டுப்பகுதியில் செம்மறி வளர்க்கிறார்கள். செம்மறிக்கு ஈரமும் சேறும் ஆகாது. எருமைக்கு அது இல்லாமல் ஆகாது. இந்தப் பிரிவினையை கே.சி. மல்ஹோத்ரா, மாதவ் காட்கில் ஆகியோர் 1980களின் துவக்கத்தில் விளக்கி எழுதினார்கள்.

தீபாவளியை ஒட்டிச் செம்மறித் தன்கர்கள் ஊரை விட்டுக் கிளம்புவார்கள். குதிரை மேல் பாத்திரம், தானியம், கோழி, சில நேரம் கைக்குழந்தை. பல குடும்பங்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஆடுகளோடு மலைக் கணவாயைக் கடந்து கொங்கணக் கரையோரம் வரை செல்பவர்கள் உண்டு. அங்கே நெல் அறுத்த வயல்களில் கிடை போடுவார்கள். வயல்காரர் அதற்குத் தானியமோ பணமோ தருவார். தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் மேட்டு நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நம் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சை வயலுக்கு ஆடு ஓட்டிச் சென்று கிடை போடுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. தொழில் ஒன்றுதான். வேறுபாடு என்னவெனில், தன்கர் நடக்கும் வழியெங்கும் ஓநாயும் நடக்கிறது.

பகலில் மந்தை சிதறாமல் முன்னும் பின்னும் ஆள் நிற்கும். மாலையில் ஆடுகளை ஒரே இடத்தில் நெருக்கி மடக்குவார்கள். குட்டிகளைச் சுற்றிக் கயிற்று வலையை முளையடித்துக் கட்டுவார்கள். ஆண்கள் மந்தையின் ஓரங்களில் படுப்பார்கள்; நாய்கள் வெளிவட்டத்தில் இருக்கும். ஓநாய் பெரும்பாலும் அந்தியிலோ விடியுமுன்னோ வரும். ஒன்று தலையைக் காட்டி நாய்களைத் தூர இழுத்துப் போகும். மற்றொன்று எதிர்ப்பக்கம் நுழைந்து ஆட்டைக் கவ்விச் செல்லும் என்று ஆயர்கள் சொல்வார்கள். நாய்க்குப் பின்னால் எல்லோரும் ஓடிவிடக் கூடாது என்பது சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

ஓநாயை மராத்தியில் லாண்ட்கா என்பார்கள். ஓநாய் கொண்டுபோன ஆட்டை அதன் பங்கு என்று சொல்லி ஆறுதல் அடையும் முதியவர்கள் தக்காணத்து ஆயர்களிடையே உண்டு. இதைக் கேட்டு, ஆயர்கள் எல்லோரும் ஓநாயை வணங்குகிறவர்கள் என்று நகரத்தார் சிலர் எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பங்கு என்று சொன்ன அதே ஊரில், குட்டிகள் இருக்கும் வளையில் புகை போட்டுக் கொன்றதும் உண்டு. செத்த ஆட்டில் விஷம் வைத்ததும் உண்டு. நூறு ஆடு உள்ளவன் ஒன்றைப் பங்கு என்று விடலாம். பதினைந்து ஆடு உள்ளவனிடம் சினையாடு போனால் அந்த ஆண்டின் வருமானத்தில் பள்ளம் விழுகிறது. அவனிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எருவுக்கு யார் காரணம்?

மந்தையை இரவில் நெருக்கி அடைப்பது எதற்காக? கள்ளனுக்கும் ஓநாய்க்கும் பயந்துதான். பயம் இல்லையென்றால் ஆடுகள் மேய்ச்சல் நிலத்திலேயே ஆங்காங்கே படுத்திருக்கும். புழுக்கையும் பல ஏக்கரில் சிதறும். ஒரே இடத்தில் அடைப்பதால்தான் எருவும் மூத்திரமும் வயல்காரருக்குக் கணிசமாகக் கிடைக்கிறது. ஓர் ஆடு இரவில் சுமார் அரைக் கிலோ புழுக்கை போடும் என்று வைத்துக்கொண்டால், 200 ஆடுகள் ஓர் இரவில் 100 கிலோ. பத்து இரவில் ஒரு டன். உலர்ந்த ஆட்டெருவில் சுமார் 3 சதம் தழைச்சத்தும், 1 சதம் மணிச்சத்தும், 2 சதம் சாம்பல்சத்தும் உண்டு. மூத்திரத்தின் தழைச்சத்து இதற்கு மேல். கிடை எழுந்ததும் உழுதுவிட்டால் அது ஆவியாகிப் போகாது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று நம்மவர்கள் சொல்வது இதனால்தான்.

கிடை போடும் வழக்கத்துக்கு ஓநாய் ஒன்றே காரணம் என்று சொல்ல வருவதில்லை. ஆனால் ஆயர் முறையின் பல நல்ல பழக்கங்கள், அதாவது மந்தையைச் சேர்த்து ஓட்டுவது, இரவில் அடைப்பது, ஓரிடத்தில் நெடுநாள் தங்காதது ஆகியவை, பகைவிலங்கு இருந்த நாட்டில் உருவானவை. பழக்கத்தின் காரணம் மறைந்த பின்பும் அதன் பயன் வயலில் இருக்கிறது.

புல்லுக்கு என்ன லாபம்?

புல்லின் வளரும் குருத்து தரையை ஒட்டி இருப்பதால் மேய்ந்தாலும் மீண்டும் தழைக்கும். ஆனால் தழைப்பதற்கு அவகாசம் வேண்டும். மேய்ந்த இடத்தையே திரும்பத் திரும்ப மேய்ந்தால் கொழுக்கட்டைப் புல் போன்ற நல்ல புற்கள் வேர் தளர்ந்து அழியும். ஆடு தின்னாத ஊசிப்புல்லும் துடைப்பப் புல்லும் அந்த இடத்தைப் பிடிக்கும். மான் கூட்டமானாலும் ஆட்டு மந்தையானாலும் ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் நகர்வதுதான் புல்லுக்கு நல்லது. ஓநாய் உள்ள புல்வெளியில் மான் கூட்டம் எச்சரிக்கையாக இருக்கும். அடிக்கடி இடம் மாறும். குட்டி, கிழம், நொண்டி ஆகியவை முதலில் அகப்படும்.

குஜராத்தின் பாவ்நகர் பக்கத்தில் வேளாவதர் என்ற இடத்தில் 34 சதுர கிலோமீட்டர் புல்வெளி, வெளிமான் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கே வெளிமானும் ஓநாயும் ஒன்றாக வாழ்வதை ஒய்.வி. ஜாலா என்ற விஞ்ஞானி நெடுங்காலம் ஆராய்ந்தார். பூங்காவைச் சுற்றிப் பருத்தியும் தானியமும் பயிராகும் வயல்கள். மானும் நீல்காயும் பயிரில் இறங்கும் நாட்டில், அவற்றின் குட்டிகளைப் பிடிக்கும் பிராணி ஒன்று இருப்பது வயல்காரருக்கு நஷ்டமல்ல. ஆடு வைத்திருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. ஒரே ஊரில் ஓநாயால் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இவ்விஷயத்தில் மிகைப்படுத்திச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926ல் கடைசி ஓநாய்களைக் கொன்றார்கள். பின் 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடபகுதியில் 19,000 அளவில் இருந்த எல்க் மான் 2013ல் 4,000 அளவுக்குக் குறைந்தது. ஓடைக்கரை மரங்கள் சில இடங்களில் மீண்டும் தழைத்தன. ஓநாய் வந்ததும் ஆறே திரும்பியது என்று பலர் எழுதினார்கள். ஆனால் கரடி, பூனையினத்தைச் சேர்ந்த பூமா, வேட்டை, வறட்சி ஆகியவற்றுக்கும் மான் குறைந்ததில் பங்குண்டு. நீரை அணைகட்டித் தேக்கும் நீர்நாய் போன்ற பீவர் பிராணி முன்பே அழிந்து, ஓடை ஆழமாக அரித்துப்போன இடங்களில், ஓநாய் வந்தும் மரம் பழைய நிலைக்கு வரவில்லை. கெட்டுப்போன நிலத்தை ஒரே பிராணி சீர்செய்துவிடாது. கெடுவதற்கு முன் காப்பது மலிவு.

தக்காணத்துப் புல்வெளி கெட்டதற்கு முதல் காரணம், அது தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்டதுதான். வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்பது வெள்ளையர் காலக் கணக்கு. அந்தப் பெயரிலேயே அதில் மரம் நட்டார்கள், தொழிற்சாலை வந்தது, வாய்க்கால் வந்த இடங்களில் கரும்பு வந்தது. வாய்க்காலும் கரும்பும் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ஆனால் தன்கர் நடந்த வழியும் ஓநாய் குட்டி போட்ட ஓடையும் ஒன்றாகவே மறைந்தன. அதே வெள்ளையர் ஆட்சியில் 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் வெகுமதி கொடுத்துக் கொல்லப்பட்ட ஓநாய்கள் 2 லட்சம் அளவில் இருக்கும் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று ஓநாய் முதல் அட்டவணையில் உள்ளது. கொல்வது குற்றம். இதற்கென ஒதுக்கிய சரணாலயங்கள் மிகக் குறைவு: ஜார்க்கண்டில் 1976ல் அமைந்த மஹுவாடாண்ட், கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் பங்காபுரம். பெரும்பாலான ஓநாய்கள் இவற்றுக்கு வெளியே, ஊர்ப் புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும்தான் வாழ்கின்றன.

குழந்தைகளைத் தாக்கிய சம்பவங்களையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1990களில் பீகாரின் ஹஸாரிபாகிலும், 1996ல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலும், 2024ல் பஹ்ராய்ச்சிலும் குழந்தைகள் ஓநாய்க்குப் பலியானார்கள். கதவில்லாத குடிசை, வெளியில் படுத்துறங்கும் பிள்ளைகள், சுற்றிலும் கரும்புக்காடு, இயற்கை இரை ஏதுமில்லை என்ற நிலையில் ஒரு சில ஓநாய்கள் செய்த வேலை அது. பயம் வீணானதல்ல; ஆனால் நாடெங்கும் உள்ள ஓநாய்களின் இயல்பு அதுவல்ல.

ஓநாய் போய் நாய் வந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். காங்கயம், தாராபுரம் பகுதியின் கொறங்காடு, கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த அருமையான மேய்ச்சல் முறை. அதில் ஆட்டை விட்டுவிட்டு உரிமையாளர் வேறு வேலைக்குப் போகலாம். பல இடங்களில் இரவிலும் ஆடுகள் அங்கேயே கிடக்கும். பகைவிலங்கு இல்லாத நாட்டில்தான் இது சாத்தியம். அண்மை ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றபோது, இந்த ஏற்பாடு எவ்வளவு திறந்துகிடந்தது என்பது தெரிந்தது. விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராட நேர்ந்தது.

நாய்க்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் காயத்தில் தெரியும். ஓநாய் பசிக்குப் பிடிக்கிறது. குரல்வளையைக் கவ்வி, ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடைத்த பட்டிக்குள் அகப்பட்டுக்கொண்டால் அதுவும் சில சமயம் ஒன்றுக்கு மேல் கொல்லும். நாய்க் கூட்டமோ துரத்தும் வெறியில் கடிக்கிறது. பின்னந்தொடை, வால்மூலம், காது, வயிறு என்று கண்ட இடமெல்லாம் கடித்துக் குதறிவிட்டு, பெரும்பாலும் தின்னாமல் போய்விடும். பத்து இருபது ஆடுகள் ஒரே இரவில் போவது இப்படித்தான். பிழைத்த ஆடுகளிலும் சினை கலைவது உண்டு.

நாய்ப்பெருக்கம் ஓநாய்க்கும் ஆபத்து. வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் நாயிடமிருந்து தொற்றுகின்றன. புணே அருகே நாயோடு கலந்து பிறந்த ஓநாய்கள் இருப்பது மரபணு ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. கோழிப்பண்ணைக் கழிவையும் செத்த ஆட்டையும் ஓடையில் எறிவதுதான் நாய்க் கூட்டத்துக்கு அன்னசத்திரம். அங்கே ஒருமுறை இறைச்சிச் சுவை கண்ட நாய் பிறகு உயிருள்ள ஆட்டைத் தேடுகிறது.

செய்ய வேண்டியவை

இரவில் ஆடுகளைக் கொறங்காட்டில் விடாமல் பட்டியில் அடைக்கவும். பட்டிச் சுவர் அல்லது கம்பிவலை ஆறடி உயரம் இருக்கட்டும். வலையின் அடியை ஒரு சாண் ஆழம் மண்ணில் புதைக்காவிட்டால் நாய் தோண்டி நுழையும். வெளிப்பக்கம் முள் அடைத்தால் இன்னும் நல்லது. குட்டிகளைத் தனியாகக் கூடாப்பில் அடைப்பது பழைய வழக்கம்; செலவில்லாதது. ஆளில்லாத கொட்டகையில் எரியும் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், சில நாளில் பழகிவிடும். கிடைநாய் வளர்ப்பவர்கள் அதைக் குட்டியிலேயே ஆடுகளோடு சேர்த்து வளர்க்க வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும்.

செத்த பிராணியை நான்கைந்து அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். விஷம் வைக்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பதோடு, பக்கத்து வீட்டுக் காவல்நாயும் கழுகும் சாகும். குற்றம் செய்த நாய்க் கூட்டம் தப்பிவிடும்.

தாக்குதல் நடந்தால் ஆட்டை இடம் மாற்றாமல் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் அன்றே தெரிவிக்கவும். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் நிவாரணமோ காப்பீட்டுத் தொகையோ கிடைப்பது கடினம். காப்பீடு செய்த ஆடானால் காதுவில்லையோடு காட்ட வேண்டும். தன்கர்கள் இழப்பீடு அதிகம் பெறாததற்குக் காரணமே இதுதான். ஓநாய் ஆட்டைத் தூக்கிப் போய்விடுகிறது. காட்டுவதற்கு உடல் இல்லை. பஞ்சநாமா எழுத அதிகாரி வரும்வரை மந்தை ஓரிடத்தில் காத்திருக்க முடியாது. நாய் அந்த விஷயத்தில் சாட்சியை விட்டுவிட்டுப் போகிறது.

இன்னொரு கணக்கையும் ஆடு வளர்ப்போர் எழுதிப் பார்க்கலாம். நாயாலும் நரியாலும் போன ஆடுகள் எத்தனை, துள்ளுமாரியிலும் ஆட்டுக்கொல்லி நோயிலும் போனவை எத்தனை என்று ஓராண்டுக்குக் குறித்து வைத்தால், பெரும்பாலான மந்தைகளில் நோயின் பத்தியே நீளமாக இருக்கும். துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்காலம் துவங்குமுன் போட்டுவிட வேண்டும். மழை பெய்து புதுப்புல் தழைத்தபின், பசித்த ஆட்டை விடியற்காலையில் அதில் அவிழ்த்து விடாமல், முதலில் காய்ந்த தட்டையைக் கொஞ்சம் போட்டுவிட்டு, பனி உலர்ந்தபின் ஓட்டவும்.